கார் செட்டில் கிடக்கும் பாட்டுகளை எடுத்து எம்பி3 ஆக்குவது

பற்றரி மாற்றுவதற்கும் செட்டைக் கழற்றுவதற்கும் முன்னரே பாட்டுகளை வெளியே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்பது செட்டைப் பொறுத்தது.

திருகோணமலையில் ஓடும் ஜப்பான் ரீகண்டிஷன் கார்களில் ஹார்ட் டிஸ்க் உள்ள செட் இருந்தால், போட்ட சீடியை அது உள்ளே பதிந்துகொள்ளும். அந்தப் பதிவு அந்தச் செட்டுக்கென்றே பூட்டப்பட்டது. டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினாலும் பாட்டாகத் திறக்காது. மூலச் சீடியைத் தேடியெடுத்துக் கணினியில் ஏற்றுங்கள், வேறு வழியில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். எஸ்.டி. அட்டையில் வரைபடம் உள்ள டொயோட்டா செட்டானால் அந்த அட்டையை ஒருபோதும் போர்மட் செய்யாதீர்கள். பற்றரி கழன்ற பிறகு செட் அதே அட்டையைக் கேட்கும், இல்லாவிட்டால் திரை பூட்டியபடியே நிற்கும்.

பிஎம்டபிள்யூவில் ஹார்ட் டிஸ்க் உள்ள செட் பாட்டுத் தொகுப்பை யூஎஸ்பிக்கு எடுத்துத் தரும். ஆனால் கோப்புகள் பிஆர்4 (BR4), பிஆர்5 (BR5) போன்ற முடிவோடு வரும். பிஆர்4 என்பது எம்பி3, பிஆர்5 என்பது டபிள்யூஎம்ஏ (WMA) என்ற இன்னொரு பாட்டுக் கோப்பு வகை. பெயரின் முடிவை மட்டும் மாற்றினால் பாடாது, ஏனென்றால் ஒவ்வொரு பைட்டும் (கோப்பில் 0 முதல் 255 வரையான ஓர் எண்) தலைகீழாக்கப்பட்டிருக்கிறது. 255 இலிருந்து அந்தப் பைட்டைக் கழித்தால் அசல் கிடைக்கும். பாட்டு விபரம் பதிந்த எம்பி3 கோப்பு 73, 68, 51 என்று தொடங்கும். காரிலிருந்து எடுத்த பேக்கப்பில் அதே இடத்தில் 182, 187, 204 இருக்கும். கோப்பின் பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் மென்பொருளில் முதலில் இதைப் பாருங்கள் (அங்கே எண்கள் வழக்கமாக பதினாறின் அடிமானத்தில் தெரியும்: 182, 187, 204 என்பது B6, BB, CC). பிறகு பைத்தான் என்ற நிரல் மொழியில் நாலைந்து வரி போதும்: கோப்பை பைனரியாகத் திறந்து, எல்லாப் பைட்டையும் 255 இலிருந்து கழித்து, புதிய பெயரில் எழுத வேண்டும். பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். தவறி இரண்டாம் முறை ஓடவிட்டால் மறுபடி தலைகீழாகிவிடும். இன்னொன்று, பேக்கப்பைத் திருப்பிக் காரில் ஏற்றினால் அங்கே ஏற்கெனவே இருந்த தொகுப்பு அழிந்து இது அந்த இடத்துக்கு வரும். புதிதாகச் சேர்த்த பாட்டு இருந்தால் முதலில் இன்னொரு பேக்கப் எடுங்கள்.

டபிள்யூஎம்ஏ, எம்4ஏ (M4A), பிளாக் (FLAC) என எந்த வகைப் பாட்டுக் கோப்பானாலும் ஃபூபார்2000 (foobar2000) என்ற கணினி மென்பொருள் கொண்டு எம்பி3 ஆக்கலாம். காருக்கு 192 கேபிபிஎஸ் (ஒரு செக்கனுக்குப் பதியும் ஒலித்தரவின் அளவு) தாராளம். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 86 எம்பி பிடிக்கும். கொழும்புக்கு ஆறு மணித்தியால ஓட்டத்துக்கு 520 எம்பி போதும். 128 இல் இருப்பதை 320 ஆக்குவது வீண்: இடம்தான் கூடும், போன ஒலி திரும்பாது. செட் எம்4ஏயை நேரடியாகப் பாடினால் மாற்றவே வேண்டாம், ஒவ்வொரு மாற்றமும் கொஞ்சம் ஒலியைத் தின்னும்.

பென் டிரைவ் 32 ஜிபியாக, பேட்32 (FAT32) போர்மட்டில் இருக்கட்டும். 64 ஜிபியும் அதற்கு மேலும் கடையிலிருந்து பெரும்பாலும் எக்ஸ்பேட் (exFAT) போர்மட்டில் வரும், பல பழைய செட்டுகள் அதைக் காண்பதேயில்லை. பல செட்டுகள் பெயர் வரிசையில் பாடாமல் கோப்பு எழுதப்பட்ட வரிசையில் பாடும். ஆகவே 01, 02 என்று பெயரிட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொரு போல்டராகக் கொப்பி பண்ணுங்கள். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பு கெடவில்லை, செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. பெயரையும் கோப்புக்குள் பதிந்த பாட்டு விபரத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதிவிடுங்கள். மேக் கணினியில் கொப்பி செய்தால், புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் சிறு கோப்புகள் கூடவே வரும். செட் அவற்றையும் பாட்டென்று எண்ணி நடுவில் நின்றுவிடும், அழித்துவிடுங்கள்.

ஜப்பான் செட்டின் எப்.எம். பழையவற்றில் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான், நம் நிலையங்கள் 88 முதல் 108 வரை. அதனால் நெடும் ஓட்டத்தில் பாட்டு என்றால் இந்தப் பென் டிரைவ்தான். உப்புவெளியிலோ டச்சுக்குடாவிலோ கடற்கரையோரம் நிறுத்தும் வாகனமானால் யூஎஸ்பி முனையில் உப்புக்காற்றுப் படிந்து அவ்வப்போது தொடர்பு விடும். டிரைவைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்ககோல் தொட்ட துணியால் முனையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.