ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை "முக்கடல் சங்கமிக்கும்" என்றுதான் தொடங்குகின்றன. அழகான தொடர்தான், ஆனால் எல்லோரும் அதைப் பலமுறை படித்துவிட்டார்கள். ஊர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று நம்பித்தான் வாசகர் வருகிறார். முதல் பத்தியில் அது கிடைக்கவில்லை என்றால் இரண்டாம் பத்திக்கு அவர் வரமாட்டார்.

உதயகிரிக் கோட்டையைப் பற்றி எழுதுபவர்கள் அரச வம்சாவளியில் தொடங்கி, பரப்பளவு, மதில் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அதே கோட்டைக்குள் டி லனாயின் கல்லறை இருக்கிறது. டச்சுக் கம்பெனியின் படைத்தலைவராக இருந்த அவர், 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டார். பிறகு அதே மன்னரின் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, திருவிதாங்கூர் படைக்கே தளபதியாக உயர்ந்தார். 1777இல் இறந்த அவருடைய கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள். பிடிபட்டவர் எப்படித் தளபதியானார் என்ற கேள்வி மனதில் விழுந்துவிட்டால், வம்சாவளியைக்கூட வாசகர் பொறுமையாகப் படிப்பார்.

எண்ணை மட்டும் சொல்லிக் காரணத்தை விட்டுவிடுவது அடுத்த தவறு. வள்ளுவர் சிலை 133 அடி என்று எழுதினால் அது வெறும் அளவு. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த அதிகாரங்கள் 95. இப்படிச் சொன்னால் படித்தவர் வீட்டில் போய் அதைச் சொல்வார்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு நேர்வது இன்னும் மோசம். "ஆசியாவிலேயே பெரியது" என்று யாரோ எழுதியதை அடுத்தவர் எடுத்துப் போட, அவரைப் பார்த்து மற்றவர் போடுகிறார். யார் அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பட்டம் பாலத்துக்குத் தேவையும் இல்லை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே, பள்ளத்தில் பறளியாறு ஓடுகிறது. கால்வாய்த் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் போயாக வேண்டும். அதற்காகத்தான் நூறடிக்கும் மேல் உயரத்தில் தண்ணீருக்கு ஒரு பாலம் கட்டினார்கள். இந்தக் காரணத்தைச் சொல்லாத கட்டுரையில் எத்தனை படங்கள் இருந்தும் பயனில்லை.

பிறர் துயரத்தை எழுதும்போது அலங்காரம் வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை "இயற்கையின் கோரத் தாண்டவம்" என்று எழுதிவிட்டு நகர்ந்தவர்கள் பலர். தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் ஏற்கெனவே கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். செய்தி அவர்களை எட்டவில்லை. இழப்பு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இந்த விவரம் சொல்கிறது, தாண்டவம் சொல்வதில்லை. அந்தப் பகுதியின் சின்னத்துறையிலோ வள்ளவிளையிலோ இருக்கும் ஒரு தாய் இதைப் படிக்கக்கூடும் என்ற நினைப்போடு எழுதினால் வார்த்தைகள் தாமாக அடங்கும்.

தலைப்பில் சொன்னது உள்ளே இருக்க வேண்டும். கைப்பேசித் திரையை நிறைக்கும் நீளமான பத்தியை உடைத்துவிட வேண்டும். இவற்றை அதிகம் விளக்கத் தேவையில்லை.

பயணம் வருபவருக்குத் தேவையான தகவலைக் கடைசி வரியில் ஒளித்து வைக்காதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது, திங்கட்கிழமை திறக்காது. மதுரையிலிருந்து குழந்தைகளோடு பஸ் ஏறி வந்து பூட்டிய வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு, நீங்கள் ரசித்து எழுதிய மரவேலைப்பாட்டு வர்ணனை எதற்கு உதவும்? திங்கட்கிழமை விடுமுறை என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.