சேலம் மாவட்டத்திலிருந்து வெளிநாட்டுக்கு ஆள்கடத்தல்: பதிவாகாதவர்களைக் கணக்கிடும் முறை

ஆத்தூரானாலும் ஏற்காட்டு மலையூரானாலும், ஏஜென்ட் பேச்சை நம்பி வெளிநாடு போய்ச் சிக்கியவர்களில் போலீஸ் வரை வருவது சிலரே. வழக்கு எண்ணிக்கையை மட்டும் காட்டி "இங்கே அப்படியொன்றும் இல்லை" என்பது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

யாரைச் சேர்ப்பது என்பதை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆள்கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000-ஆம் ஆண்டில் கொண்டுவந்த பலெர்மோ நெறிமுறைப்படி ஆளைச் சேர்த்து அனுப்பிய செயல், ஏமாற்று அல்லது மிரட்டல், சுரண்டும் நோக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் இரண்டாவது தேவையில்லை. சம்பளப் பாக்கி மட்டும் போதாது. சொன்னது ஒரு வேலை, போனபின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வேறு வேலைக்குக் கட்டாயப்படுத்தினார்கள் என்றால் சேரும்.

அடுத்து, ஒரே காலத்துக்கான பட்டியல்கள்: போலீஸ் வழக்குகள், வெளிநாட்டு வேலைக்குப் போவோரைக் காக்கும் குடிபெயர்வோர் அலுவலகத்துக்கு வந்த புகார்கள், தொண்டு நிறுவனப் பதிவுகள். மேட்டூர் அணையில் மீனைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, மறுபடி வலைவீசி, அதில் அடையாளமிட்டவை எத்தனை என்று எண்ணுவது போன்றதுதான் கணக்கு. ஒன்றில் 120 பேர், மற்றொன்றில் 90 பேர், இரண்டிலும் இருப்பவர்கள், அதாவது பொது எண், 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். 120 × 90 ÷ 30 = 360. பட்டியல்களில் தெரிவது 120 + 90 − 30 = 180 பேர். மீதி 180 பேர் கண்ணில் படாதவர்கள்.

கெடுவது பெரும்பாலும் பெயர் ஒப்பிடும் இடத்தில்தான். செல்வராஜ் ஒன்றில் "எஸ். செல்வராசு" என்று இருப்பார், இனிஷியலும் மாறும். அப்படிப் பத்துப் பேரைத் தவறவிட்டால் பொது எண் 20 ஆகி, விடை 540-க்கு எகிறிவிடும். பெயரோடு தந்தை பெயர், பிறந்த ஆண்டு, தாலுகா, கிளம்பிய மாதம் ஆகியவற்றையும் பாருங்கள். இருவர் தனித்தனியாக ஒப்பிட்டு, முரண்படுவதை மூன்றாமவர் தீர்க்கட்டும். முடிந்ததும் பெயர்களை நீக்கிக் குறியீடு மட்டும் வையுங்கள்.

எதிர்ப்பிழையும் உண்டு. போலீஸ் மீட்டவர்களைத் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் இருந்தால் பொது எண் செயற்கையாக உயரும். அது 45 ஆனால் விடை வெறும் 240. இந்தச் சார்பைக் கண்டுபிடிக்கத்தான் மூன்றாவது பட்டியல். இரண்டை மட்டும் வைத்து அதைச் சோதிக்க முடியாது. பிரிட்டனில் 2013-க்கு இப்படிப் பல பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, தெரிந்த 2,744 பேருக்கு மதிப்பீடு 10,000 முதல் 13,000 வரை வந்தது.

பொது எண் ஏழுக்கும் குறைவென்றால் எண்ணே வெளியிடாதீர்கள். மற்றபடி ஒற்றை எண்ணாக இல்லாமல், இத்தனை முதல் இத்தனை வரை என்று சொல்லுங்கள், மாவட்ட அளவில் மட்டும். மலையூர் வாரியாகப் பிரித்தால் யார் வீடு என்று ஏஜென்ட்டுக்கே தெரிந்துவிடும்.