லைன் போகிறவன் வீட்டுத் தக்காளித் தொக்கு

கோவில்பட்டியில் ஒரு மொத்தக்கடைக்கு லைன் போகிறேன், அதாவது ஊர் ஊராய்க் கடைகளில் ஆர்டர் எடுக்கிற வேலை. எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று வாரத்தில் ஆறு நாளும் பைக்தான். கரிசல்காட்டு வெயிலில் முகம் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்? கருமை போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒருநாள் காலையில் எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன். சாயங்காலம் எரிச்சல், மறுநாள் கொப்புளம், அப்புறம் ரெண்டு மாதத்துக்குக் கன்னத்தில் கருந்திட்டு. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்துதான் போகும். அன்றோடு பூசுவதை விட்டுவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தக்காளித் தொக்கு. தக்காளியின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் லைகோபீன். பச்சையாகத் தின்றால் அது உடம்பில் கொஞ்சம்தான் சேரும். எண்ணெயில் வதங்கினால் நன்றாகச் சேரும். அது தோலுக்கு வெயிலைத் தாங்க உதவுமா என்று ஜெர்மனியில் சோதித்து 2001-இல் எழுதினார்கள். தினமும் 40 கிராம் தக்காளி விழுது, 10 கிராம் ஆலிவ் எண்ணெய் சேர்த்து, 10 வாரம். கடைசியில் புற ஊதா ஒளியைக் காட்டியபோது, சாப்பிட்டவர்களின் தோல் மற்றவர்களைவிட 40 சதவீதம் குறைவாகச் சிவந்தது. நாலாவது வாரத்தில் பார்த்தபோது வித்தியாசமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் தின்றுவிட்டுக் கண்ணாடி பார்க்காதீர்கள்.

ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்தான். நாட்டுத் தக்காளி ஒரு கிலோ, எண்ணெய் 100 மில்லி. கடுகு வெடித்ததும் நறுக்கிய தக்காளி, மஞ்சள்தூள், வழக்கத்தில் பாதி உப்பு. சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கும், ருசி பார்த்துக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை அடுப்பைவிட்டு நகரக் கூடாது. மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் போட்டு இறக்கினால் சரி. தினம் இட்லிக்கோ தயிர்சாதத்துக்கோ ரெண்டு ஸ்பூன். அதற்காகத் தொப்பியையும் முழுக்கைச் சட்டையையும் கழற்றிவிட வேண்டாம்.

நெல்லிக்காய்க்கு இதற்கு நேர்மாறு. தோலைத் தாங்கும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். அது சூட்டில் அழியும், வேகவைத்த தண்ணீரோடும் போய்விடும். அதனால் உப்பைத் தொட்டுப் பச்சையாகக் கடியுங்கள். சீசன் இல்லாதபோது கொய்யா. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு நாளைக்கு அதுவே தாராளம். பழனிப் பக்கம் போனால் ஆயக்குடிக் கொய்யா வாங்காமல் வர மாட்டேன்.

முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் பீட்டா கரோட்டின் என்ற சத்து இருக்கிறது. அதற்கும் எண்ணெய் வேண்டும், பொரியலில் தேங்காய் போட்டாலே போதும். கேரட்டைக் கிலோ கணக்கில் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும். மஞ்சள்காமாலை என்று பயந்துவிடாதீர்கள், கண் வெள்ளையாகவே இருக்கும். தூத்துக்குடிச் சாளை மீன் கிடைத்தால் குழம்பு வையுங்கள், அதில் ஒமேகா-3 கொழுப்பு உண்டு. வைட்டமின் ஈக்கு வேர்க்கடலை. எங்கள் ஊர்க் கடலைமிட்டாயும் அந்தக் கணக்கில் வருமா என்று கேட்கிறார்கள். வரும், கூடவே வெல்லமும் வரும்.

விடுவதற்குக் கஷ்டப்பட்டது டீயைத்தான். லைனில் கடைக்குக் கடை டீ. ஆறு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சீனி, மேலே ஒரு பஜ்ஜி. முப்பது வயதிலும் தாடையோரம் பரு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2007-இல் வெளியான சோதனை ஒன்றில், ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத சாப்பாட்டைப் பன்னிரண்டு வாரம் தின்ற இளைஞர்களுக்குப் பரு குறைந்தது. நான் டீயை ரெண்டாகக் குறைத்தேன், சீனியை அரை ஸ்பூனாக்கினேன். எனக்கு மூன்று மாதத்துக்கு மேலேயே ஆனது.

தேமல் மாதிரி வெளிறிய திட்டு வந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால், தொக்கு கிண்டிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே தோல் டாக்டரிடம் போங்கள்.