சமூக ஊடகப் பதிவு வரிசையை நாமே தீர்மானிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் வாழ்பவர்கள் கைத்தொலைபேசியில் முதலில் தேடுவது வானிலை, வெள்ளம், வீதிப் போக்குவரத்து பற்றிய அறிவித்தல்களைத்தான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி திருகோணமலைக்கு வடக்கே புரெவி புயல் கரையைக் கடந்ததைக் கண்ட இந்த மாவட்டத்தில், ஓர் அறிவித்தல் என்ன சொல்கிறது என்பதைப் போலவே அது எப்போது வெளியானது என்பதும் முக்கியமானது. ஆனால் முகநூலின் முகப்பில் பதிவுகள் வந்த நேரப்படி அடுக்கப்படுவதில்லை. நாம் எதற்கு விருப்பமிடுவோம், எதற்குக் கருத்திடுவோம், எதைப் பகிர்வோம் என்று பதிவுகளை அடுக்கும் கணினி நிரலான அல்கோரிதம் கணிக்கிறதோ அந்தக் கணிப்பின்படியே அவை அடுக்கப்படுகின்றன. அச்சமூட்டும் முதல் எச்சரிக்கை பலராலும் பகிரப்பட்டு மேலேயே நிற்க, அதைத் திருத்தி மறுநாள் வரும் நிதானமான அறிவித்தல் கண்ணில் படாமலே போய்விட இதுவே காரணமாகிறது.

இந்த வரிசையை மாற்றவே முடியாது என்று எண்ணி விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. 2022 மார்ச்சில் இன்ஸ்டாகிராமும் அதே ஆண்டு ஜூலையில் முகநூலும் நேரப்படி பதிவுகளைக் காட்டும் தனிப் பகுதிகளைக் கொண்டுவந்தன. முகநூலில் 30 கணக்குகள் வரையும் இன்ஸ்டாகிராமில் 50 கணக்குகள் வரையும் விருப்பத்துக்குரியவை எனக் குறித்து முன்னிலைப்படுத்தலாம். எக்ஸ் தளத்தில் நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளைக் காட்டும் ‘ஃபாலோயிங்’ என்ற பகுதி மேலேயே இருக்கிறது.

ஒருமுறை தெரிவுசெய்தால் அது அப்படியே நிலைக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. முகநூலின் நேர வரிசை ஒரு தனிப் பகுதியாகவே இருப்பதால், செயலியை மீண்டும் திறக்கும்போது பழைய முகப்பே முன்னால் வருகிறது. பயனர் தெரிவித்த விருப்பம் நிலைக்காவிட்டால் அதைக் கட்டுப்பாடு என்று அழைப்பது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், மிகப் பெரிய தளங்கள் பயனரின் தனிப்பட்ட விவரக்குறிப்பில் தங்கியிராத ஒரு வரிசையையேனும் வழங்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்துகிறது. இலங்கையின் 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கவனம் தடைசெய்யப்பட்ட கூற்றுகள் மீதே உள்ளது. ஆகவே நேர வரிசையைத் தேடிச் செல்லும் வேலையை ஒவ்வொரு முறையும் நாமே செய்யவேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நேர வரிசை எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடும் என்ற எண்ணமே. 2020 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் முகநூல், இன்ஸ்டாகிராம் பயனர்களுக்கு நேர வரிசையைக் கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அவர்கள் அத்தளங்களில் செலவிட்ட நேரம் குறைந்தது. ஆனால் நம்பகத்தன்மை குறைந்த மூலங்களிலிருந்து வரும் பதிவுகள் கூடுதலாகவே அவர்கள் கண்ணில் பட்டன. அவர்களுடைய அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. நேர வரிசையில் அடிக்கடி பதிவிடுபவருக்கே அதிக இடம் கிடைக்கும் என்பதை இங்கே மறக்கக்கூடாது. மணிக்குப் பலமுறை பதிவிடும் செய்திப் பக்கங்கள் பத்தைப் பின்தொடர்பவருக்கு, நாளுக்கு ஒருமுறை மட்டும் பதிவிடும் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் எந்த வரிசையிலும் எளிதில் கிடைக்காது. ஆதலால் வரிசையை மாற்றுவதற்கு முன்னர் பின்தொடரும் பக்கங்களைக் களைவதும், வளிமண்டலவியல் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம் போன்றவற்றின் பக்கங்களை விருப்பத்துக்குரியவையாகக் குறிப்பதும் அவசியம்.

வெறுப்பைத் தூண்டும் பதிவொன்றைக் கண்டு அதற்குக் கீழே மறுப்பெழுதுவதும், நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் தவறுதான். 2018 ஜனவரியில் முகநூல் தன் வரிசை முறையை மாற்றியபோது, மக்களிடையே உரையாடலைத் தூண்டும் பதிவுகளுக்கு முன்னுரிமை அளித்தது. சினத்தோடு எழுதும் கருத்தும் அந்தக் கணக்கில் ஓர் உரையாடலே. அதே ஆண்டு மார்ச்சில், கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவியபோது, அரசு நாடு முழுவதும் முகநூலை முடக்க நேர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் திருகோணமலையில் இதை மிகுந்த பொறுப்புடன் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய பதிவை மறைப்பதும், முறைப்பாடு செய்வதும், அதனை வெளியிடும் பக்கத்தை 30 நாட்களுக்கு ஒதுக்கிவைப்பதும் அதன் பரவலுக்கு உதவாத செயல்கள். மறுத்துச் சொல்லத்தான் வேண்டுமென்றால், சரியான தகவலைத் தனிப் பதிவாக எழுதுவது நல்லது.

குடும்பத்தில் பலர் ஒரே தொலைபேசியைப் பயன்படுத்தும் வீடுகளில், பிள்ளைகள் பார்த்த காணொளிகளே பெற்றோரின் யூடியூப் முகப்பை நிரப்புகின்றன. பார்த்தவற்றின் பதிவேட்டை அழித்து நிறுத்திவிட்டால் முகப்புப் பரிந்துரைகள் நின்றுவிடும். சந்தா செய்த அலைவரிசைகளின் பகுதி மட்டும் வழக்கம்போல இயங்கும்.

எந்த வரிசையைத் தெரிவுசெய்தாலும், பகிரப்பட்ட பதிவின் மேலே தெரிவது பகிர்ந்தவரின் நேரமே என்பதைக் கடற்றொழிலாளர் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மூலப் பதிவைத் திறந்து அது வெளியான திகதியையும் நேரத்தையும் பார்த்த பின்னரே படகை இறக்குவது பற்றி முடிவெடுக்க வேண்டும். ஐயம் நீங்காவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம்.