பிரிட்டனில் தொழிற்கல்வி ஆசிரியர், அசெசர் வேலை: எதை முதலில் படிப்பது?

ஊரில் எலக்ட்ரீஷியனாக, நர்ஸாக, சமையல்காரராகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு வருகிறவர்களுக்கு, அதே தொழிலை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்க ஒரு வழி உண்டு. பள்ளிக்கூட ஆசிரியர் வேலை இதில் சேராது. அதற்கு க்யூடிஎஸ் என்ற தனித் தகுதி வேண்டும், பி.எட். முடித்துவிட்டுப் பள்ளியில் பாடம் நடத்த விரும்புகிறவர்கள் அந்த வழியைப் பார்ப்பதே நல்லது.

கல்லூரி, பயிற்சி நிலையம், கேர் ஹோம், கட்டட வேலைத்தளம் போன்ற இடங்களில் மூன்று வேலைகள் இருக்கின்றன. தொழிலைக் கற்பிக்க லெவல் 3 ஏஇடி (Award in Education and Training) என்ற சான்றிதழ், 12 கிரெடிட். லெவல் என்பது படிப்பின் தரநிலை, கிரெடிட் என்பது படிப்பின் அளவு. ஒருவருக்கு அந்தத் தொழில் வந்துவிட்டதா என்று மதிப்பிட, அதாவது அசெசர் வேலைக்கு, லெவல் 3 காவா (CAVA), 15 கிரெடிட். அந்த மதிப்பீடு ஒழுங்காக நடந்ததா என்று சரிபார்க்க லெவல் 4 ஐக்யூஏ (IQA), 12 கிரெடிட். வேலை விளம்பரங்களில் பிடிஎல்எல்எஸ், ஏ1, வி1 என்று வரிசையாக இவற்றின் பழைய பெயர்கள் இன்னும் வரும், குழம்ப வேண்டாம். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் அங்கே எந்தத் தகுதி கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டே சேருங்கள். அங்கே அமைப்பு வேறு.

மூன்றையும் ஒரே பொட்டலமாகச் சலுகை விலைக்கு விற்கிறார்கள். வாங்காதீர்கள். ஏஇடிக்கு வேலை தேவையில்லை, வந்த மாதமே சேரலாம். காவாவுக்கு உண்மையான மாணவர்கள் வேண்டும். ஐக்யூஏவுக்கு உங்கள் மேற்பார்வையில் அசெசர்களே வேண்டும். ஆள் கிடைக்காமல் பதிவுக் காலம் முடிந்து, கட்டிய பணம் வீணாவது இங்கேதான்.

சேருமுன் இரண்டைச் சரிபாருங்கள். இங்கிலாந்தில் தகுதிப் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்க்வால் (Ofqual) நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் எண் இருக்கிறதா? நிலையத்துக்கு அந்தப் படிப்பை நடத்த அனுமதி உண்டா? இரண்டாவதைச் சான்றிதழ் தரும் அமைப்பிடமே, அதாவது சிட்டி அண்ட் கில்ட்ஸ், பியர்சன், ஹைஃபீல்டு போன்றவர்களிடமே கேளுங்கள். 'சிபிடி (தொடர் தொழில் வளர்ச்சி) அங்கீகாரம்' என்று மட்டும் போட்ட மலிவு ஆன்லைன் சான்றிதழ் இவற்றுக்கு ஈடாகாது.

ஏஇடி

படிப்புக்காக எழுதிக் கொடுக்கும் பதில்களில் பலர் திருப்பி அனுப்பப்படுவதற்குக் காரணம் ஆங்கிலம் அல்ல. 'விளக்குக' என்று கேட்ட இடத்தில் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் (வயது, ஊனம் போன்ற) ஒன்பது பாதுகாக்கப்பட்ட பண்புகள் உண்டு என்று எழுதினால் போதாது. காது மந்தமான ஒருவர் உங்கள் வகுப்பில் இருந்தால் எங்கே உட்காரவைப்பீர்கள், வீடியோவுக்கு எழுத்து வரி போடுவீர்களா என்று எழுத வேண்டும். ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் அது எந்த மதிப்பீட்டு விதிக்கான பதில் என்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்டது உடனே தெரியும்.

மைக்ரோடீச், அதாவது சிறு மாதிரி வகுப்பு நடத்திக் காட்டும் பகுதி, மொத்தம் ஒரு மணி நேரம். 15 நிமிடம் நீங்கள் நடத்துவது கட்டாயம். மீதி 45 நிமிடத்தை மேலும் நடத்தியோ, மற்றவர் நடத்துவதைப் பார்த்தோ நிரப்பலாம். நம் ஊர் வகுப்பறையில் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: 15 நிமிடமும் தாங்களே பேசிவிடுகிறார்கள். பார்க்க வருபவர் மாணவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்கிறார்.

சிறிய தலைப்பாக எடுங்கள். 'மின்சாரப் பாதுகாப்பு' 15 நிமிடத்தில் அடங்காது. 'மூன்று முள் பிளக்கில் வயர் இணைப்பது' அடங்கும். முதல் 2 நிமிடம் யாருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். 3 நிமிடம் செய்து காட்டுங்கள்: பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். 6 நிமிடம் அவர்கள் கையில் பிளக்கும் ஸ்க்ரூடிரைவரும் கொடுங்கள். 3 நிமிடம் ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்க்கட்டும். கடைசி நிமிடம் முடிப்பதற்கு. நோக்கத்தை 'பிளக் பற்றி அறிவார்கள்' என்று எழுதினால் அளக்க முடியாது. 'மூன்று வயரையும் உரிய முனையில் உதவியின்றி இணைப்பார்கள்' என்று எழுதுங்கள்.

காவா

வேலையிடத்தில் மதிப்பிடும் பகுதிக்கு இரண்டு மாணவர்கள், ஆளுக்கு இரண்டு மதிப்பீடுகள், ஆக நான்கு வேண்டும். வேலை செய்வதைப் பார்ப்பது, செய்து முடித்த பொருளைப் பரிசோதிப்பது, கேள்வி கேட்பது போன்ற முறைகள் அதில் வர வேண்டும். நடித்துக் காட்டியது செல்லாது. நீங்கள் தகுதி பெறும்வரை உங்கள் முடிவுகளில் தகுதி பெற்ற அசெசர் ஒருவர் எதிர்க்கையெழுத்து இடவேண்டும். அந்த ஆள் யார் என்று பணம் கட்டுமுன்பே கேட்டுவிடுங்கள். மாணவர் யாரும் கிடைக்காதவர்களுக்கு, கோட்பாடு மட்டும் கொண்ட 3 கிரெடிட் பகுதி தனியாக உண்டு. அதை முடித்து வைக்கலாம்.

பின்னூட்டத்தில் 'நன்றாகச் செய்தார்' என்று எழுதாதீர்கள். 'தூக்கும் கருவியின் பெல்ட்டை இரண்டுமுறை சரிபார்த்தார், முதியவரிடம் சொல்லிவிட்டே உயர்த்தினார்' என்று கண்டதை எழுதி, எந்த விதி நிறைவேறியது என்று குறியுங்கள். கேர் ஹோமில் இருப்பவர்களின் பெயரும் படமும் கோப்பில் இருக்கக் கூடாது. மச்சான் கடையில் மருமகனை மதிப்பிடுவது நம்மவர்களிடையே சாதாரணம். உறவை முன்கூட்டியே நிலையத்துக்கு எழுதித் தெரிவிக்காவிட்டால், பிறகு தெரியவரும்போது எல்லா முடிவுகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

காவா இருந்தால் எந்தத் தொழிலையும் மதிப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் செய்து தேர்ந்த தொழிலை மட்டுமே மதிப்பிடலாம், அதனால் ஊரின் அனுபவக் கடிதங்கள் இங்கே மதிப்புள்ளவை. தேதி, வேலைப் பொறுப்பு, கையெழுத்து எல்லாம் தெளிவாக இருக்கும்படி வாங்கி வாருங்கள்.

ஐக்யூஏ பற்றிச் சுருக்கமாக: குறைந்தது இரண்டு அசெசர்களின் வேலையைச் சரிபார்த்த ஆதாரம் வேண்டும். எல்லாம் முடிந்தபின் கடைசியில் கோப்புகளைப் புரட்டுவது பெரிய தவறு. பாதி வழியிலேயே சில மதிப்பீடுகளை மாதிரியாக எடுத்துப் பார்த்தால்தான் பிழையைத் திருத்த நேரம் இருக்கும். தானே மதிப்பிட்டதைத் தானே சரிபார்க்க முடியாது.

சான்றிதழும் விசாவும்

இலங்கையில் என்விகியூ (NVQ) என்ற தொழில் தகுதி பெற்றவர்கள் அதன் லெவல் எண்ணை அப்படியே வைத்து ஒப்பிடாதீர்கள். அங்கே லெவல் 7 இளங்கலைப் பட்டத்துக்குச் சமம், இங்கே இளங்கலை லெவல் 6. ஒப்பீட்டுக் கடிதம் வேண்டுமானால், வெளிநாட்டுத் தகுதிகளை ஒப்பிடும் யுகே எனிக் (UK ENIC) அமைப்பு தரும். வேலைக்குப் பெரும்பாலும் ஜிசிஎஸ்இ என்ற பள்ளித் தேர்வில் ஆங்கிலமும் கணக்கும் கேட்பார்கள். அதற்குப் பதில் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற அடிப்படைத் திறன் தேர்வை லெவல் 2இல் எழுதலாம். அரசு செலவில் படிக்க வதிவிட நிபந்தனை உண்டு, அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது; கல்லூரியில் சேரும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

அசெசர் வேலைகளில் பல சுயதொழிலாக, இன்வாய்ஸ் போட்டுப் பணம் வாங்கும் வகையில் இருக்கும். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. அவர்கள் சம்பளப் பட்டியலில் வரும் வேலையைத்தான், விசாவில் குறித்த மணி நேரத்துக்குள் ஏற்க வேண்டும்.