கச்சான் காலத்து வகுப்பறை

தென்மேற்கு மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு மட்டக்களப்புக்கு இறங்கும் கச்சான் காற்று, காய்ந்தும் கொதித்தும் வரும். அந்த மாதங்களில் என் வகுப்பறையில் நான் கையாளும் முறை இது.

காலை மணி அடிக்கும் முன்பே எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஊடறுத்துப் போகாது. பிள்ளைகள் விட்ட மூச்சு உள்ளேயே தேங்கும். வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கில் 420 பங்கு. அறைக்குள் 1000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதாது என்று கொள்ளலாம். கருவி இல்லையா? வெளியே போய்த் திரும்பி உள்ளே நுழையுங்கள், மூக்கு சொல்லிவிடும்.

வெயில் ஏறியதும் மேற்கு யன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். காற்று காய்ந்திருப்பதால் நீர் விரைவாக ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். காற்று நுழைய இடைவெளி இருக்கட்டும். மாரியில் இது வேண்டாம். ஈரக்காற்றில் பயனில்லை, பூஞ்சணம்தான் மிஞ்சும்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. கூரை தகரம் என்றால் முதற்செலவு அதன்மேல் வெள்ளைப் பூச்சு. நன்கொடையாளர்களுக்கோ மின்விசிறிமேல்தான் ஆசை. கூரையில் பெயர் எழுதினால் காகம்தானே படிக்கும்!

வெண்கட்டித் தூளை ஈரத்துணியால் துடையுங்கள். கூட்டுவது பாடசாலை விட்டபின், நீர் தெளித்து. நுளம்புத்திரியை வகுப்புக்குள் கொளுத்தவே கூடாது.