"பாருங்க, நல்லா இருக்கும்" என்று சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

நமக்குப் பிடித்த படத்தையோ புத்தகத்தையோ இசைத் தொகுப்பையோ இன்னொருவருக்குச் சொல்வது சாதாரண வேலை என்றுதான் தோன்றும். "செம படம், கட்டாயம் பாருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி நாம் சொன்னவற்றில் எத்தனையை அவர்கள் உண்மையிலேயே பார்த்தார்கள், படித்தார்கள் என்று யோசித்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சேலத்தில் இருபது வருஷமாகத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பவன் நான். நல்ல புத்தகத்தைத் தப்பான ஆளிடம், தப்பான நேரத்தில், தப்பான விதத்தில் கொடுத்து வீணாக்கியிருக்கிறேன். அதே புத்தகம் வேறு ஒருவருக்கு உயிராக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் இதை அக்கறையோடுதான் எழுதுகிறேன்.

பாராட்டை மட்டும் அடுக்குவது

எல்லாரும் செய்யும் தவறு இதுதான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்கு அடிக்கடி போவேன். அங்கே கொலுசு வேலை செய்யும் தம்பி ஒருவருக்குச் சினிமா என்றால் பைத்தியம். அவரிடம் "மந்திரி குமாரி" படத்தைப் பற்றிப் பல தடவை சொல்லியிருக்கிறேன். 1950-இல் வந்தது, நம்ம ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, எம்.ஜி.ஆர். நடித்தது, கலைஞர் வசனம், ஜி. ராமநாதன் இசை என்று அத்தனையும் சொன்னேன். "பாக்கறேண்ணா" என்பார். பார்க்கவே இல்லை.

ஒருநாள் அவர் கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வேறு மாதிரி சொன்னேன். "மந்திரியோட பொண்ணு ஒருத்தி. அவ உசுருக்கு உசுரா நினைச்சுக் கட்டிக்கிட்டவன் ஒரு கொள்ளைக்காரன். கடைசியில அவன் அவளை மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறான். போற வழியில ஒரு பாட்டு. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியிருப்பாங்க. அவ்வளவு இனிமையா இருக்கும். ஆனா அவன் எதுக்காக அவளை மேல கூட்டிட்டுப் போறான்னு யோசிச்சுக்கிட்டே அந்தப் பாட்டைக் கேட்டா, உடம்பு சில்லுனு ஆயிடும்."

ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "மேல போய் என்ன ஆகுதுண்ணா?" என்றார். நான் சொல்லவில்லை. அன்று ராத்திரியே முழுப் படத்தையும் பார்த்துவிட்டார்.

முதலில் நான் சொன்னதெல்லாம் விவரம். இரண்டாவது சொன்னது, அந்தப் படத்தில் நான் மாட்டிக்கொண்ட இடம். உங்களுக்குப் பிடித்த எதிலும் அப்படி ஓர் இடம் இருக்கும்: ஒரு காட்சி, ஒரு பக்கம், ஒரு பாட்டின் நடுவில் வரும் வயலின். அதைக் காட்டினால் போதும். "பிரமாதம்", "வேற லெவல்" என்ற சொற்களை எல்லாவற்றுக்கும் சொல்லிச் சொல்லி அவற்றில் காரம் போய்விட்டது.

இதிலேயே இன்னொரு தவறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆர்வத்தில் முடிவையும் சொல்லிவிடுவோம். அந்தப் படத்தின் கதை, ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையிலிருந்து வந்தது. காப்பியம் தெரிந்தவருக்கு உச்சியில் நடப்பதும் தெரியும். பழைய கதைதானே, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்து என் அத்தை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படம் பார்த்தாள், பிடித்திருந்தது என்றும் சொன்னாள். ஆனால் பட்டறைத் தம்பியின் முகத்தில் மறுநாள் பார்த்த அதிர்ச்சி அவளிடம் இல்லை. அதை அவளிடமிருந்து நான்தான் எடுத்துவிட்டேன். எவ்வளவு பழைய கதையாக இருந்தாலும், முதல்முறை கேட்பவருக்கு அது புதுசு. பொடியைக் கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும். கூடினால் வேலைப்பாடு தெரியாமல் பரவிவிடும் என்று அந்தத் தம்பி சொல்வார். பரிந்துரைக்கும் அதுதான் அளவு.

ஊர்ப்பெருமையைக் காரணமாகச் சொல்வது

இது சேலத்துக்காரர்களான நமக்கே உரியது. ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. அதைக் கடக்கும்போது வெளியூர் நண்பர்களிடம் நாம் ஆரம்பித்துவிடுவோம். டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கியது, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" 1938-இல் இவர்கள் எடுத்ததுதான், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956-இல் இங்கிருந்துதான் வந்தது என்று அடுக்குவோம். எல்லாம் உண்மை. எனக்கும் அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும்.

ஆனால் "முதல்" என்பது ஒருவர் இரண்டரை மணி நேரம் உட்கார்வதற்கான காரணம் ஆகாது. அது பொது அறிவுக் கேள்விக்குப் பதில். அலிபாபாவை நான் சொல்வதென்றால் பானுமதிக்காகச் சொல்வேன். கூர்மையான பெண் ஒருத்தி தன் மூளையால் ஒரு வீட்டையே காப்பாற்றுவதை அவர் நடித்திருக்கும் தோரணைக்காக, பி.எஸ். வீரப்பாவின் குரலுக்காகச் சொல்வேன். அப்புறம், இன்றைக்குக் கிடைக்கும் பிரதியில் வண்ணம் மங்கலாக இருக்கலாம், பாட்டுகள் நிறைய உண்டு, கதை நிதானமாக நகரும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் அதற்கேற்ற மனசோடு உட்காருவார்கள். தெரியாமல் உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷத்தில் கை போனுக்குப் போய்விடும்.

முதலிலேயே பெரியதைத் தூக்கிக் கொடுப்பது

எங்கள் தெருமுனையில் தட்டுவடை செட் போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து ஒரு நிமிஷத்தில் கையில் கொடுத்துவிடுவார். கூட்டம் இல்லாத நேரத்தில் பொட்டலம் கட்டும் பழைய வாரப் பத்திரிகைத் தாளைக்கூட விடாமல் படிப்பார். அதைப் பார்த்துவிட்டு "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் அந்தப் பை அடுப்புக்குப் பின்னால் கட்டியது கட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்தக் கனத்தைப் பார்த்தே மலைத்துவிட்டார். கடை சாத்தி, பாத்திரம் கழுவி, படுக்கப் போகுமுன் அவருக்குக் கிடைப்பது இருபது நிமிஷம். அதற்குள் ஐந்து பாகத்தை எப்படித் தொடங்குவது?

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கதை ஐந்து பாகமாகப் பிறக்கவே இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. வாரத்துக்கு வாரம் மூன்றரை வருஷம் காத்திருந்து படித்தார்கள். அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருப்பதும், முடியும் இடத்தில் ஒரு கொக்கி போட்டு நிறுத்துவதும் அதனால்தான். நான்கு பாகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். முதல் பாகத்தை மட்டும் கையில் கொடுத்து, "அக்கா, இது தொடர்கதை. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், அதுக்கு மேல வேண்டாம்" என்றேன். "அவ்வளவுதானா? அது முடியும் தம்பி" என்றார்.

எந்த எழுத்தாளராக இருந்தாலும் இதே வழிதான். சிறுகதையும் எழுதியவர் என்றால் ஒரே ஒரு சிறுகதையில் தொடங்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் இருபது பாட்டுக்கு இணைப்பு அனுப்புவதும் ஐந்து பாகப் பையைப் போலத்தான். யாரும் பிரிக்க மாட்டார்கள்.

எங்கே, எப்போது கேட்பது என்று சொல்லாமல் விடுவது

இசைக்கு இது ரொம்ப முக்கியம். இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்?" 1986-இல் வந்த தொகுப்பு. கர்நாடக இசை மேதை தியாகராஜருக்கும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் அவர் காணிக்கையாக்கியது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முன்னால் நிற்கும். நண்பர்களோடு வேனில் ஏற்காடு போகும்போது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று போட்டுவிட்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன், கியர் மாற்றும் சத்தம், எதிரே இறங்கும் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது எல்லாரும் ஒரே குரலில் "பாத்து, பாத்து". வயலின் மெதுவாகத் தனியே போகும் இடங்கள் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. மூன்றாவது வளைவிலேயே ஒருவர், "பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அது வாத்திய இசை, வரிகள் கிடையாது என்று நான் சொல்லவே இல்லையே. நம்மில் பெரும்பாலோருக்குத் தொகுப்பு என்றாலே படப்பாட்டுத்தான். வரிகளுக்காகக் கேட்பவர் வரிக்காகக் காத்திருப்பார்.

அன்று சாயங்காலம், மேலே அறையில் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது. வேறு சத்தம் எதுவும் இல்லை. அதே நண்பரிடம் இயர்போனைக் கொடுத்து, "இதுல யாரும் பாட மாட்டாங்க. வயலினை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். எதுவும் பேசவில்லை. கழற்றிக் கொடுக்கும்போது, "இன்னொரு தடவை வைங்க" என்றார்.

அவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று பாராமல் சொல்வது

இதில் நான் செய்தது இன்றும் உறுத்துகிறது. நண்பர் ஒருவரின் அப்பா தவறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அப்பாவும் மகனும் பற்றிய ஒரு படத்தை, அதில் மருத்துவமனைக் காட்சிகள் நீளமாக வரும் என்பதைச் சொல்லாமலே, "மனசைத் தொடும், பாருங்க" என்றேன். பாதியில் நிறுத்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்ததாக அவர் மனைவி பிறகு சொன்னார். படத்தின் மேல் குறை இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சாவு, நோய், பெண்களின் மேல் வன்முறை, குழந்தைகளுக்குத் துன்பம் இவை வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதையை உடைக்காமல் இதைச் சொல்ல ஒரு வரி போதும். பார்ப்பதா, தள்ளி வைப்பதா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

பதினேழு வயதில் கொண்டாடிய ஒன்றை மறுபடி பார்க்காமலே சொல்வதும் ஆபத்துதான். அன்று சிரித்த நகைச்சுவையில் இன்று கேட்கக் கூசும் வசனங்கள் இருக்கலாம். சொல்வதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சொன்ன பிறகு விடாமல் துரத்துவது

மறுநாளே "பாத்தீங்களா?", மூணாம் நாள் "இன்னுமா பாக்கல?". இதைக் கேட்டுக் கேட்டே ஆசையோடு எடுத்து வைத்திருந்த புத்தகம் வீட்டுப்பாடமாகிவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து, நமக்குப் பிடித்த காட்சி வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பதும் அப்படித்தான். அவர் நமக்காகச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

பிடிக்கவில்லை என்று சொன்னால் வாதாடவும் வேண்டாம். நான் இப்போது கேட்பது ஒரே கேள்வி: "எந்த இடத்துல நிறுத்தினீங்க?" அதற்கு வரும் பதிலில் அவரைப் பற்றி நிறையத் தெரியும். சண்டை வந்ததும் நிறுத்தினாரா, பேச்சு நீண்டதும் நிறுத்தினாரா, ஆட்கள் அதிகமாகிப் பெயர் குழம்பியதும் நிறுத்தினாரா? அடுத்து என்ன சொல்லலாம் என்பது அதிலிருந்தே கிடைத்துவிடும்.

தட்டுவடை அக்காவிடமும் போன வாரம் அப்படித்தான் கேட்டேன். இரண்டாம் பாகத்தின் நடுவில், கடலில் புயல் அடிக்கும் அத்தியாயங்களுக்கு வருமுன்னே நிறுத்தியிருந்தார். பொட்டலம் கட்டும் தாளை நான்காக மடித்து அடையாளம் வைத்திருந்தார். "கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக் கூட்டம் ஆரம்பிச்சிருச்சு தம்பி, ராத்திரி பன்னெண்டு ஆகுது கடை சாத்த. பண்டிகை முடியட்டும்" என்றபடி, அடுத்தவருக்கு இரண்டு செட் போட ஆரம்பித்தார். மூன்றாம் பாகத்தை நான் இன்னும் கொண்டுபோகவில்லை.